வற்றிய குட்டையில் பாசி எப்படிப் பிழைக்கிறது? எம்.ஓ.பி. அய்யங்காரின் கதை

பரளச்சி, திருச்சுழி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றாமல் இருந்தால்தான் கண்மாயில் தண்ணீர். அதுவும் கோடை முற்றுவதற்குள் வற்றி, வண்டல் பாளம் பாளமாக வெடித்துவிடும். மறுபடி மழை பெய்து தண்ணீர் தேங்கினால் போதும், குட்டைகளில் பச்சை படர ஆரம்பிக்கும். விதைத்தது யார்?

இந்தப் பச்சையைப் படிப்பதிலேயே வாழ்க்கையைச் செலவிட்டவர், இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார். 1886-ல் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் படித்தார், அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார், சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பாடம் நடத்தினார், 1920-ல் மாநிலக் கல்லூரிக்கே தாவரவியல் பேராசிரியராகத் திரும்பினார். 1930-ல், நாற்பதைத் தாண்டிய வயதில், லண்டன் குயின் மேரி கல்லூரிக்குப் போய் ஃபிரிட்ச் என்ற பாசியியல் அறிஞரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். பேராசிரியர் பதவியில் இருந்தவர் மாணவராக உட்காருவது சாதாரண விஷயமில்லை.

தென்னிந்தியக் குட்டைகளில் வாழும் வால்வாக்ஸ் வகைப் பாசிகளைப் பற்றி 1933-ல் அவர் விரிவாக எழுதினார். வால்வாக்ஸ் என்பது குண்டூசித் தலை அளவுகூட வராத பச்சை உருண்டை. ஆயிரக்கணக்கான செல்கள் சேர்ந்த குடியிருப்பு என்று சொல்லலாம். தண்ணீர் தாராளமாக இருக்கும்வரை அதற்கு ஆணும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம். தாய் உருண்டைக்குள்ளேயே குட்டி உருண்டைகள் வளரும். தாய் உடைந்ததும் வெளியே வந்துவிடும். எல்லாம் தாயின் நகல்கள்தான். ஆள் பெருக்க இதைவிட வேகமான வழி கிடையாது.

ஆனால் தண்ணீர் வற்றினால் அத்தனை நகல்களும் ஒரே நாளில் காலி. இங்கேதான் இரண்டாவது வழி உதவுகிறது. பாசி விந்தணுவும் முட்டையும் உருவாக்கும். இரண்டும் சேர்ந்த கருமுட்டை தடித்த சுவர் கட்டிக்கொண்டு, காய்ந்த சேற்றில் அப்படியே உறங்கும். அடுத்த மழையில் முளைக்கும்.

குட்டை வற்றப்போவது பாசிக்கு எப்படித் தெரியும்? அய்யங்கார் 1933-ல் பெயர் சூட்டிய ‘வால்வாக்ஸ் கார்ட்டெரி நகரியென்சிஸ்’ என்ற வடிவம்தான் பிற்காலத்தில் உலகின் ஆய்வுக்கூடங்களுக்குப் பழகிய பாசி ஆனது. அதைச் சூடுபடுத்தினால் ஒரு புரதத்தைச் சுரந்து, அடுத்த தலைமுறையை ஆண், பெண்ணாக மாற்றிவிடுகிறது என்று 1986-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் சூடாகிறது என்றால் கோடை வந்துவிட்டது என்று அர்த்தம்!

அய்யங்காரின் இன்னொரு கண்டுபிடிப்பு, 1932-ல் அவர் விவரித்த ‘ஃபிரிட்சியெல்லா’. லண்டன் ஆசிரியரின் பெயரையே அதற்கு வைத்தார். இது தண்ணீருக்குள் மிதப்பதில்லை. வற்றும் குட்டையின் ஈர வண்டலில் வளர்கிறது. கிழங்கு போன்ற அடிப்பகுதி மண்ணுக்குள், பச்சைக் கிளைகள் மேலே. பாசி கரையேறித் தரைத் தாவரமானது எப்படி என்ற விவாதத்தில் இதன் பெயர் பல காலம் அடிபட்டது.

கரையேறிய தாவரங்களும் தண்ணீரை உடனே விட்டுவிடவில்லை. பாறையில் படரும் மாஸ், மலையில் வளரும் பெரணி இரண்டுக்கும் இன்றும் விந்தணு முட்டையிடம் நீந்திப் போக ஒரு துளி ஈரமாவது வேண்டும். கரிசல் காட்டுப் பருத்திக்கு அந்தக் கவலை இல்லை. மகரந்தமே குழாய் விட்டு விந்தணுவை முட்டைவரை கொண்டு சேர்க்கிறது. கருவை விதைக்குள் மூடி வைக்கிறது. வறண்ட மண்ணில் மானாவாரி விவசாயம் நடப்பதே இந்த ஏற்பாட்டால்தான். பாசிக் கருமுட்டையின் தடித்த சுவர் செய்யும் வேலையைத்தான் பருத்திக்கொட்டையின் தோலும் செய்கிறது.

1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அய்யங்கார் பாசியை விடவில்லை. 1963 டிசம்பரில் காலமானார். நீலப்பச்சைப் பாசிகளுக்கு இன்றும் புரட்டப்படும் பெரிய நூலை 1959-ல் எழுதிய டி.வி. தேசிகாச்சாரி இவருடைய மாணவர். வால்வாக்ஸ் கார்ட்டெரியின் முழு மரபணுத் தொகுப்பும் 2010-ல் படித்து முடிக்கப்பட்டது.