பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய மக்கள்: துன் வீ.தி. சம்பந்தனின் கூட்டுறவு வாழ்வு

சிகாமட்டில் இரயில் ஏறினால் லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என்று ஜொகூர் பாரு வரை ஒவ்வொரு நிலையமும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களின் வாசலாக இருந்தது. இன்று அந்தத் தடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும்தான் கண்ணில் படுகின்றன. பால்மரம் வெட்டிய கைகளுக்கு அந்த நிலத்தில் ஒரு கைப்பிடி மண்ணாவது சொந்தமானதா என்று கேட்டால், பெரும்பாலான ஜொகூர் தோட்டக் குடும்பங்களின் பதில் இல்லை என்பதாகத்தான் இருக்கும்.

அந்தக் கேள்விக்கு 1960-ஆம் ஆண்டிலேயே ஒரு விடை தேடப்பட்டது. தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்குவது, அதை அறத்தோடு நடத்துவது, வரும் இலாபத்தை உழைத்தவர்களுக்கே திருப்பித் தருவது என்பதே அந்த விடை. சமூக நிறுவனம் என்று இன்று பெயர் சூட்டி மாநாடுகளில் பேசப்படும் எண்ணத்தை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே லயத்து வாசலுக்குக் கொண்டு போனவர் துன் வீ.தி. சம்பந்தன்.

தோட்டக்காரரின் மகன்

வீராசாமி திருஞானசம்பந்தன் 1919-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தமிழ்நாட்டிலிருந்து மலாயா வந்த அவருடைய தந்தை வீராசாமி, உழைப்பால் உயர்ந்து சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சொந்தமாக ரப்பர் தோட்டம் அமைத்தவர். வெள்ளைக்காரத் துரைகளின் கையில் தோட்டங்கள் இருந்த காலத்தில் அது சின்ன காரியமில்லை. மகன் பிறந்தது முதலாளி வீட்டில் என்றாலும் வளர்ந்தது தொழிலாளர்களின் நடுவில்.

கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்த சம்பந்தன், மேற்படிப்புக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். இந்திய விடுதலைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த நேரம் அது. காங்கிரஸ் இயக்கத்தின் பக்கம் ஈர்க்கப்பட்டார். காந்தியடிகளின் எளிமை, கிராமப் பொருளாதாரம், உழைப்பவனின் தன்மானம் ஆகிய மூன்றும் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன. போர் முடிந்து மலாயா திரும்பியபோது அவருக்குச் சொத்தும் இருந்தது, படிப்பும் இருந்தது. அமைதியாக வாழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் பொது வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்தார்.

முதல் பணி கல்விப்பணியாக அமைந்தது. தோட்டப் பிள்ளைகளுக்காகச் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை உருவாக்கினார். 1954-ஆம் ஆண்டு ஜவஹர்லால் நேருவின் சகோதரி விஜயலட்சுமி பண்டிட் அதைத் திறந்து வைத்தார். அந்தப் பள்ளி இன்றும் இயங்குகிறது.

ம.இ.கா. தோட்டத்துக்குப் போன காலம்

1946-இல் ஜான் திவியின் தலைமையில் தொடங்கப்பட்ட மலாயா இந்தியர் காங்கிரஸ், தொடக்கத்தில் ஆங்கிலம் படித்த நகரத்தாரின் கட்சியாகவே இருந்தது. இந்திய மக்களில் பெரும்பாலோர் தோட்டங்களில் இருந்தார்கள். கட்சிக் கூட்டங்களின் மொழி அவர்களுக்குப் புரியவில்லை. 1955-இல் கே.எல். தேவாசருக்குப் பின் தலைவரான சம்பந்தன் இந்த இடைவெளியைக் குறைத்தார். தமிழில் பேசினார். தோட்டம் தோட்டமாகச் சென்றார். கட்சியின் கிளைகள் தோட்டப்புறங்களில் வேர்விட்டன.

அதே ஆண்டு நடந்த முதல் பொதுத் தேர்தலில் கூட்டணி வென்றதும் தொழிலாளர் அமைச்சரானார். நாடு விடுதலை பெற்ற 1957-இல் சுகாதார அமைச்சர். 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சர். விடுதலைப் பேச்சுவார்த்தையில் துங்கு அப்துல் ரஹ்மானோடு தோள் கொடுத்த இந்தியத் தலைவர் அவரே. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்தப் பதவிகளைச் சொல்லி நின்றுவிடும். தோட்டத் தொழிலாளிக்கு அவர் செய்த பெரிய காரியமோ அமைச்சகத்துக்கு வெளியே நடந்தது.

துண்டாடப்பட்ட தோட்டங்கள்

விடுதலை நெருங்கியபோது ஆங்கிலேயத் தோட்டக் கம்பெனிகள் சில, எதிர்காலம் எப்படி இருக்குமோ என்று அஞ்சின. தோட்டங்களை விற்றுவிட்டுப் பணத்தோடு ஊர் திரும்ப முடிவெடுத்தன. வாங்க வந்தவர்கள் பலர் நிலத் தரகர்களும் கூட்டு வணிகர்களும். அவர்கள் தோட்டத்தை நடத்த வாங்கவில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கரை மொத்தமாக வாங்கி, சிறு சிறு துண்டுகளாக்கிக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். இதுதான் தோட்டத் துண்டாடல்.

ஒரு தோட்டம் துண்டாகும்போது மரங்கள் மட்டும் பிரிவதில்லை. ஒரு பெரிய தோட்டத்தில் லயன் வீடு இருக்கும், குடிநீர் இருக்கும், மருந்தகம், பிள்ளைக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாம் இருக்கும். நூறு பேர் நூறு துண்டை வாங்கிக்கொண்டால் இவற்றுக்கு யார் பொறுப்பு? புதிய சிறு உரிமையாளருக்கு நிரந்தரத் தொழிலாளி தேவையில்லை. குத்தகைக்கு ஆள் வைத்துப் பால் எடுத்துக்கொள்வார். இரண்டு மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பம், வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்து சாலைக்கு வரும்.

நிலத்துக்கும் அது கேடுதான். ரப்பர் மரம் நட்டு ஆறேழு ஆண்டுகள் கழித்தே பால் தரும். முதிர்ந்த மரங்களை வெட்டி மறுநடவு செய்ய முதலும் பொறுமையும் வேண்டும். துண்டு நிலம் வாங்கியவர் பலருக்கு இரண்டும் இல்லை. இருக்கும் மரத்தை வரம்பின்றி வெட்டிப் பாலை உறிஞ்சுவதே இலாபமாகத் தெரிந்தது. மண்ணரிப்பைத் தடுக்கும் படிக்கட்டு வரப்பும் மூடு கொடியும் வடிகாலும் ஒரே நிர்வாகத்தில் இருக்கும்வரைதான் ஒழுங்காகப் பராமரிக்கப்படும்.

இந்தக் கேட்டை ஆய்வு செய்து பதிவு செய்ததில் ஜொகூருக்கும் ஒரு பங்கு உண்டு. ஜொகூர் அரச குடும்பத்தின் உறவு வழியில் வந்த பொருளாதார அறிஞர் உங்கு அஸிஸ், 1951 முதல் 1960 வரை மலாயாவில் நடந்த தோட்டத் துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி விரிவாக ஆராய்ந்தார். துண்டாடல் தொழிலாளர்களுக்கும் நாட்டின் பொருளாதாரத்துக்கும் கேடு விளைவிப்பதை அந்த ஆய்வு எடுத்துக் காட்டியது. பின்னாளில் மலேசியக் கூட்டுறவு இயக்கத்தின் தந்தை என்று போற்றப்பட்டவரும் அவரே.

பத்து வெள்ளித் திட்டம்

அமைச்சரவையில் இருந்தும் துண்டாடலைச் சட்டத்தால் உடனே நிறுத்த சம்பந்தனால் முடியவில்லை. சொத்தை விற்பது உரிமையாளரின் உரிமை என்ற வாதம் வலுவாக இருந்தது. அரசு தடை போட வேண்டும் என்று தொழிற்சங்கத் தரப்பு கேட்டது. அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் சட்டம் வரும்வரை தோட்டங்கள் காத்திருக்கவில்லை. விற்பனை நடந்துகொண்டே இருந்தது.

விற்கிறவர் விற்கட்டும், வாங்குகிறவர் தொழிலாளியாக இருக்கட்டும் என்று சம்பந்தன் முடிவெடுத்தார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. ஒரே தவணையில் நூறு வெள்ளி கட்டத் தோட்டத் தொழிலாளியால் முடியாது. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று வழி செய்யப்பட்டது. அந்தப் பத்து வெள்ளியும் அன்று சில நாள் கூலி. பிள்ளையின் பள்ளிச் செலவிலும் அடுப்படிச் செலவிலும் மிச்சம் பிடித்த பணம்.

அந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவது எளிதாக இருக்கவில்லை. கங்காணியிடமும் வட்டிக்கடையிலும் ஏமாந்து பழகிய மக்கள். கொடுத்த பணம் திரும்பி வருமா, கூலிக்காரன் எப்படித் தோட்டத்துக்கு முதலாளியாக முடியும் என்ற சந்தேகம் இயல்பானது. சம்பந்தனும் அவர் துணைவியார் தோ புவான் உமாசுந்தரியும் தோட்டங்களுக்கு நேரில் சென்று மக்களிடம் விளக்கினர். சங்கத்தின் நிர்வாகத்தைக் கே.ஆர். சோமசுந்தரம் தோளில் சுமந்தார். மூவரும் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க நடந்த நடை கொஞ்சமல்ல.

1961-இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. தொழிலாளர்களின் பணத்தில் வாங்கிய முதல் தோட்டம் அது. தோட்டம் துண்டாகவில்லை. லயன் வீடுகள் காலியாகவில்லை. நேற்றுவரை துரைக்கு மரம் வெட்டியவர் மறுநாள் காலை தானும் ஒரு பங்குதாரராக இருக்கும் தோட்டத்தில் நிரையில் இறங்கினார். அந்த ஒரு செய்தி நூறு மேடைப் பேச்சுகள் செய்யாத வேலையைச் செய்தது. உறுப்பினர்கள் பெருகினர். அடுத்தடுத்துப் பல மாநிலங்களில் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

வணிகமும் அறமும்

சங்கத்தை ஓர் அறக்கட்டளையாக அவர் நடத்தவில்லை. ரப்பர் விலை ஏறும், இறங்கும். கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். மறுநடவுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். இலாபம் இல்லாவிட்டால் தோட்டம் மீண்டும் தரகர் கைக்கே போகும். ஆகவே கணக்கு கறாராக இருந்தாக வேண்டும். அதே நேரத்தில் இலாபம் யாருக்கு என்பதில் தெளிவு இருந்தது. பங்கு ஈவு உறுப்பினர்களுக்குப் போனது. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கப்பட்டது. காலம் மாறியபோது ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நடப்பட்டது.

இந்தத் திட்டத்தால் எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை என்பதும் உண்மை. துண்டாடப்பட்ட பரப்போடு ஒப்பிட்டால் சங்கம் மீட்டது ஒரு பகுதியே. பத்து வெள்ளி கூடச் சேர்க்க இயலாத குடும்பங்கள் வெளியே நின்றன. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினர். சமூகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த சம்பந்தன் மீது அக்காலத்தில் விமர்சனங்கள் எழுந்தன. குடியுரிமைப் பிரச்சினையை இன்னும் உறுதியாகக் கையாண்டிருக்க வேண்டும் என்று சொல்வோர் இன்றும் உண்டு.

கட்சிக்குள்ளும் புயல் வீசியது. 1973-இல் தலைவர் பதவியை வீ. மாணிக்கவாசகத்திடம் ஒப்படைத்து விலகினார். அதே ஆண்டில்தான் ஒரு நாள் நாட்டின் தற்காலிகப் பிரதமராகவும் பொறுப்பு வகித்தார். 1972 முதல் 1974 வரை தேசிய ஒற்றுமை அமைச்சராகவும், பின்னர் தேசிய ஒற்றுமை வாரியத் தலைவராகவும் பணியாற்றினார். பதவிகள் குறைந்த பிறகும் கூட்டுறவுச் சங்கத்தை அவர் கைவிடவில்லை. 1979 மே 18-ஆம் நாள் மறைந்தார். தந்தை விட்டுச் சென்ற செல்வத்தில் பெரும்பகுதி பொதுவாழ்விலேயே கரைந்திருந்தது.

ஜொகூருக்கு விட்டுச் சென்ற பாடம்

அவர் மறைவுக்குப் பின் உமாசுந்தரி சங்கத்தின் தலைமையை ஏற்று வழிநடத்தினார். கோலாலம்பூரில் சங்கத்தின் தலைமையகம் விஸ்மா துன் சம்பந்தன் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸ் சாலை ஜாலான் துன் சம்பந்தன் ஆனது. சாலையில் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு பத்து வெள்ளிக் கதை தெரியும் என்பது வேறு கேள்வி.

ஜொகூரில் அந்தக் கதை தெரிய வேண்டிய காரணம் இருக்கிறது. இங்கு தோட்டங்கள் இரண்டாவது முறையும் மறைந்தன. இந்த முறை நிலம் தொழிற்சாலைக்கும் வீடமைப்புக்கும் போனது. மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் பக்கம் குடியேறிய பல குடும்பங்களுக்குத் தோட்டத்தில் கழித்த ஆண்டுகளுக்கு ஈடாகக் கையில் கிடைத்தது சிறு தொகைதான். நிலத்தின் மதிப்பு ஏறியபோது அந்த ஏற்றத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. கூட்டுறவுப் பங்குச் சான்றிதழைத் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த குடும்பங்களின் நிலை அதைவிட மேலாக இருந்தது. தாத்தா கட்டிய பத்து வெள்ளிக்குப் பேரன் கையில் ஈவு வந்து சேர்ந்தது.

இன்று ஜொகூரின் இளைஞர்கள் பொறியியலாளர்களாகவும் சிங்கப்பூருக்கு நாள்தோறும் பாலம் கடந்து போகும் ஊழியர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களுடைய மாத வருமானம் அன்றைய பால்வெட்டுத் தொழிலாளி கனவிலும் காணாதது. சேர்ந்து முதலீடு செய்யும் பழக்கம் மட்டும் அந்த அளவுக்கு வளரவில்லை. படிப்பறிவு குறைந்த, வருமானம் குறைந்த, நிலமற்ற மக்கள் ஒன்றுசேர்ந்து தோட்டங்களையே வாங்க முடிந்தது. அதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டவை மூன்று: மாதம் பத்து வெள்ளி, நேர்மையான கணக்கு, வீடு தேடி வந்து விளக்கிச் சொல்ல ஒரு தலைவர். முதல் இரண்டும் இன்று எளிதில் கிடைக்கும். மூன்றாவதாக நிற்க முன்வருபவர் யார் என்பதுதான் சமூகத்தின் முன் இருக்கும் கேள்வி.