மழையில் நனையும் சிசிடிவி கேமரா ஷாக் அடிக்காமல் இருப்பது எப்படி? 1831-லேயே வழி காட்டிய மைக்கேல் ஃபாரடேயின் கதை

வாசல் கேட், காம்பவுண்ட் சுவர், மாடிப்படி என இப்போது எங்கு பார்த்தாலும் சிசிடிவி கேமரா. வெயிலோ மழையோ, 24 மணி நேரமும் அது வெளியிலேயேதான் இருக்கிறது. அது ஓட கரன்ட் வேண்டும். வீட்டு ப்ளக்கில் வருவது 230 வோல்ட். ஈரச் சுவரில் அது கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் பெரும்பாலான கேமராக்கள் வரை போவது வெறும் 12 வோல்ட்தான்.

அப்போ அந்த 230 வோல்ட்டை நடுவில் தடுத்து நிறுத்துவது எது? அடாப்டருக்குள் இருக்கும் ஒரு சின்னக் கம்பிச் சுருள். அதன் மூதாதை, 1831-ல் லண்டனில் ஒருவர் தன் கையாலேயே கம்பி சுற்றிய இரும்பு வளையம். அவர்தான் மைக்கேல் ஃபாரடே.

கொல்லர் மகன், பைண்டிங் கடைப் பையன்

1791 செப்டம்பர் 22-ல் லண்டனை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார் ஃபாரடே. அப்பா ஜேம்ஸ் இரும்புக் கொல்லர். அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். குடும்பத்தில் எப்போதும் பணத் தட்டுப்பாடு. எழுத, படிக்க, கணக்குப் போடத் தெரிந்ததோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது.

14 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்தார். மொத்தம் 7 வருஷம். அங்கே பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைத்ததோடு நிற்காமல், படிக்கவும் செய்தார். ஒரு கலைக்களஞ்சியத்தில் இருந்த மின்சாரம் பற்றிய கட்டுரை அவரைப் பிடித்துக்கொண்டது. கையில் சேர்த்த காசுக்குள் சின்னச் சின்னக் கருவிகள் செய்து பார்த்தார்.

1812-ல் திருப்பம் வந்தது. கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர், அன்றைய பிரபல வேதியியல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் உரைகளுக்கு டிக்கெட் கொடுத்தார. 4 உரைகளையும் கேட்ட ஃபாரடே, சுமார் 300 பக்கத்துக்குக் குறிப்பு எழுதி, தானே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பிவிட்டார். பழகிய தொழில் வீண் போகலை. 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவிக்கு ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. அதன் பிறகு ஃபாரடேயின் உழைப்பு எல்லாம் பெரும்பாலும் அந்தக் கட்டடத்தில்தான்.

தொடாமலே தாண்டிய கரன்ட்

1821-ல், கரன்ட் ஓடும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்துக் காட்டினார். இன்றைய மோட்டாரின் ஆரம்பம் அது. அடுத்த கேள்வி: கரன்ட்டால் காந்தத்தை உண்டாக்க முடிகிறது, காந்தத்தால் கரன்ட்டை உண்டாக்க முடியுமா?

இதற்கு விடை கிடைக்க 10 வருஷம் ஆனது. சுமார் 6 அங்குல அகலத்தில் ஓர் இரும்பு வளையத்தை எடுத்துக்கொண்டார். அதன் ஒரு பாதியில் ஒரு செப்புக் கம்பிச் சுருள், மறு பாதியில் இன்னொரு சுருள். இன்று கடையில் கிடைப்பது போல உறை போட்ட ஒயர் அன்றைக்குக் கிடையாது. அதனால் கம்பியும் கம்பியும் உரசாமல் இருக்க, நடுவில் நூலையும் காலிகோ துணியையும் வைத்துப் பொறுமையாகச் சுற்றினார். காலிகோ என்ற பெயரே கேரளத்தின் கோழிக்கோடு, அதாவது காலிகட், ஊரிலிருந்து போனதுதான்.

1831 ஆகஸ்ட் 29. முதல் சுருளை பேட்டரியில் இணைத்ததும், இரண்டாவது சுருளோடு இணைந்த காந்த ஊசி ஒருமுறை துள்ளியது. பிறகு அடங்கிவிட்டது. இணைப்பை எடுத்ததும் மறுபடி ஒரு துள்ளல். இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஆனாலும் கரன்ட் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருந்தது. அதுவும் கரன்ட் மாறும்போது மட்டும்.

அடாப்டருக்குள் நடப்பது இதுதான். மாறிக்கொண்டே இருக்கும் கரன்ட் ஒரு சுருளில் ஓடுகிறது. காந்தப்புலம் வழியாக மறு சுருளுக்குச் சக்தி போகிறது. அங்கே சுற்றுகள் குறைவு, அதனால் வோல்ட்டும் குறைவு. 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே நேரடிக் கம்பித் தொடர்பு இல்லை. அதனால்தான் நல்ல அடாப்டர் போட்ட கேமராவின் ஒயர் மழையில் நனைந்தாலும் ஆளைக் கொல்லாது.

ஆனால் ஃபாரடே நூலும் துணியும் வைத்துச் செய்த அந்தப் பிரிப்பு சரியாக இருந்தால்தான் இத்தனையும். மலிவான போலி அடாப்டர்களில் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் அந்த இன்சுலேஷனில்தான். அது கருகிப்போனால் 230 வோல்ட் நேராகக் கேமரா ஒயருக்கு வந்துவிடும். அடாப்டர் வாங்கும்போது பி.ஐ.எஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

அதே வளையம், இன்னொரு வேலை

வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி-யும் இந்த வளையத்தின் வாரிசுதான். ஃபாரடே இறந்து பல பத்தாண்டுகள் கழித்து வந்த கருவி இது. போகும் கரன்ட்டும் திரும்பி வரும் கரன்ட்டும் ஒரே வளையம் வழியாகப் போகின்றன. இரண்டும் சமமாக இருக்கும்வரை ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஈரச் சுவர் வழியாகவோ மனித உடம்பு வழியாகவோ கொஞ்சம் கசிந்தால் கணக்கு உதைக்கும். உடனே வளையத்தில் இருக்கும் இன்னொரு சுருளில் கரன்ட் உண்டாகி சப்ளையைத் துண்டித்துவிடும்.

ஆட்களைக் காப்பாற்ற வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எம்.சி.பி இருக்கே, போதாதா? போதாது. எம்.சி.பி என்பது ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. ஒருவர் உடம்பில் பாயும் 30 மில்லி ஆம்பியர் அதன் கண்ணுக்கே தெரியாது.

கலங்கரை விளக்கமும் ஈரமும்

ஃபாரடே ஆய்வகத்துக்குள்ளேயே இருந்தவர் இல்லை. 1836-ல் கலங்கரை விளக்கங்களை நிர்வகிக்கும் ட்ரினிட்டி ஹவுஸ் அமைப்பின் அறிவியல் ஆலோசகர் ஆனார். கிட்டத்தட்ட 30 வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்தார். ராத்திரி முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு காற்றிலும் மழையிலும் நிற்கும் விளக்குகள் அவை.

அங்கே அவருக்கு வந்த முக்கியமான சிக்கல்: ஈரம். விளக்கில் எண்ணெய் எரியும்போது நீராவி உண்டாகும். அது கண்ணாடியின் உள்பக்கம் படிந்துவிடும். குளிர் அதிகமானால் பனிக்கட்டியாகவே மாறும். வெளிச்சம் மங்கினால் கப்பல் பாறையில் மோதும். நீராவியைத் தனிக் குழாய் வழியாக வெளியே கொண்டுபோகும் புகைபோக்கியை ஃபாரடே வடிவமைத்தார். அதன் காப்புரிமையைத் தான் வைத்துக்கொள்ளாமல், கேஸ் விளக்கு வேலை செய்த அண்ணன் ராபர்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

வெளிப்புறக் கேமராவுக்கும் பெரிய எதிரி ஈரம்தான். ஐபி66 என்று போட்டிருந்தால் கேமரா உடம்புக்குள் தூசியும், வேகமாக அடிக்கும் தண்ணீரும் போகாது. ஆனால் ஒயர் ஜாயின்ட் வெளியே தொங்கினால் அந்த எண்ணால் பிரயோஜனம் இல்லை. ஜாயின்ட் எல்லாம் மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஒயர் சுவருக்குள் நுழையும் ஓட்டைக்குக் கீழே ஒரு வளைவு விட்டு, பிறகு மேலே ஏற்ற வேண்டும். ஒயரில் வழியும் மழைத்தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பனியில் நடந்த 68 வயதுக்காரர்

1858-ல் இங்கிலாந்தின் டோவர் அருகே சவுத் ஃபோர்லேண்ட் கலங்கரை விளக்கத்தில் மின்விளக்கு எரிந்தது. நீராவி எஞ்சின் சுழற்ற, காந்தமும் சுருளும் சேர்ந்து கரன்ட் தந்தன. எல்லாம் 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தத்துவம். ஆனால் தன் கண்டுபிடிப்பு என்பதற்காக அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓகே சொல்லலை. ஆலோசகராக விளக்கை நேரில் போய்ச் சோதித்தார். 1860 பிப்ரவரியில் பாதைகளைப் பனி மூடியிருந்தபோது, வேலிகளையும் சுவர்களையும் தாண்டி வயல் வழியாகவே அங்கே போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 68. கப்பலில் இருப்பவர்களின் உயிர் அந்த விளக்கை நம்பி இருந்தது.

இன்று பல வீடுகளில் தனி அடாப்டரே இல்லாமல், படம் போகும் நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்குக் கரன்ட்டும் போகிறது. இதைத்தான் பி.ஓ.இ என்கிறார்கள். இதில் போவது சுமார் 48 வோல்ட். முறையான தரத்தில் செய்த பி.ஓ.இ சுவிட்ச், எதிர்முனையில் இருக்கும் கருவிக்குக் கரன்ட் தேவையா என்று சோதித்த பிறகுதான் அனுப்பும். 100 மீட்டர் வரை கேபிள் இழுக்கலாம். இதிலும் சிக்னலுக்கு நடுவே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. ஃபாரடே இங்கேயும் விடலை.

சாதாரண மைக்கேலாகவே

சர் பட்டத்தை ஃபாரடே ஏற்கவில்லை. ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தபோதும் மறுத்தார். 1858-ல் விக்டோரியா மகாராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் குடியிருக்க ஒரு வீடு கொடுத்தார். கடைசி வருஷங்களில் ஞாபக சக்தி மிகவும் குறைந்துபோனது. 1867 ஆகஸ்ட் 25-ல் அந்த வீட்டில் காலமானார். லண்டன் ஹைகேட் கல்லறையில் எளிமையாக அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் சுற்றிய வளையம் இன்றும் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இருக்கிறது. துணி பழுப்பேறிவிட்டது, ஆனால் சுருள்கள் தனித்தனியாகவே இருக்கின்றன.

உங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது

* அடாப்டரும் 230 வோல்ட் ப்ளக்கும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். 12 வோல்ட் ஒயர் மட்டும் வெளியே போகட்டும்.
* 12 வோல்ட் ஒயர் ரொம்ப நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் வோல்ட் குறையும். ராத்திரியில் கேமரா ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.
* வெளியே ப்ளக் வைத்தே ஆக வேண்டும் என்றால், மழைக்கான மூடியுள்ள சாக்கெட், சரியான எர்த், ஆர்.சி.சி.பி மூன்றும் கட்டாயம்.
* ஆர்.சி.சி.பி-யில் டெஸ்ட் பட்டன் இருக்கும். அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். ட்ரிப் ஆகவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.
* கேமராவைத் தொட்டாலோ துடைத்தாலோ லேசாக ஜிவ்வென்று இழுத்தால் அலட்சியம் வேண்டாம். மெயினை ஆஃப் செய்த பிறகுதான் அடுத்த வேலை.