நிப்பு முதல் மூடி வரை: ராஜமுந்திரி ரத்னத்தின் கதை

மக்களே, கீரிப்பாறை போயிருக்கீங்களா? தடிக்காரன்கோணம் தாண்டி மலையடிவாரத்துக்குள்ள வண்டி நுழைஞ்சா அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் வந்துடும். மரத்துக்கு மரம் சரிவா ஒரு வெட்டு, அதுக்குக் கீழே பால் வடிய ஒரு சிரட்டை. இந்தப் பாலில் என்னவெல்லாம் செய்வாங்கன்னு கேட்டா டயர், செருப்பு, கையுறைன்னு அடுக்கிடுவீங்க. பேனான்னு சொல்லத் தோணாது.

ஆனா ஒரு காலத்தில் உலகத்தின் நல்ல பேனாக்கள் பெரும்பாலும் ரப்பரில் செஞ்சதுதான். டயர் ரப்பரில் கந்தகம் கொஞ்சமாத்தான் சேர்ப்பாங்க. அதே ரப்பரில் மூணில் ஒரு பங்கு அளவுக்குக் கந்தகத்தைச் சேர்த்து மணிக்கணக்கா சூடு காட்டினா அது ரப்பர் மாதிரியே இருக்காது. கறுப்பா, கெட்டியா, கடைசல் இயந்திரத்தில் மரம் மாதிரி கடையக்கூடிய பொருளா மாறிடும். அதுதான் எபோனைட். மை பட்டாலும் அரிக்காது, கைக்கும் இதமா இருக்கும். அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் 1884-ல் காப்புரிமை வாங்கிய பேனா உலகம் முழுக்க ஓடியதுக்கு இந்தப் பொருளும் ஒரு காரணம்.

இன்னிக்கு நான் சொல்லப் போறது இதே எபோனைட்டை வச்சு இந்தியாவில் பேனா செஞ்ச ஒருத்தரைப் பத்தி. கோசூரி வெங்கட ரத்னம். ஊர், கோதாவரிக் கரையில் இருக்கிற ராஜமுந்திரி. பேனா பிரியர்களுக்கு இன்னிக்கும் மரியாதையான பேர் அது. கீரிப்பாறை ரப்பர் அவர் பட்டறைக்குப் போச்சுன்னு நான் சொல்ல வரல. நம்ம ஊர் மரம் தரும் பாலுக்கு இப்படியும் ஒரு வாழ்க்கை இருந்திருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் இங்கேருந்து தொடங்கினேன்.

ரத்னம் எந்தக் கல்லூரியிலும் பொறியியல் படிச்சவர் இல்ல. பொற்கொல்லர். நகை வேலையோட அச்சு வெட்டுறது, முத்திரை செய்றது மாதிரி நுணுக்கமான கைவேலையும் தெரிஞ்சவர். 1920-களில் சுதேசி அலை நாடு முழுக்க அடிச்சப்போ காந்தியைச் சந்திக்கிற வாய்ப்பு அவருக்குக் கிடைச்சது. தன் கைவேலையைப் பெருமையா சொன்ன இளைஞரிடம், சாதாரண ஜனங்களுக்கு அன்றாடம் பயன்படுற ஒரு பொருளைச் செய்யச் சொன்னார் காந்தி. ஊசியிலிருந்து பேனா வரைக்கும் எல்லாமே கப்பலில் வந்து இறங்கிய காலம். ரத்னம் பேனாவைக் கையில் எடுத்தார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. காந்திக்கு ஊற்றுப் பேனா மேல பெரிய பிரியம் கிடையாது. நாணலைச் சீவி மையில் தொட்டு எழுதுறதுதான் கிராமத்துக்கு ஏத்ததுன்னு வாதாடியவர். அப்படிப்பட்டவர் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து எழுத வைக்கணும்னா வேலை எப்படி இருந்திருக்கணும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

பேனாவில் எது கஷ்டம்? உடம்பு இல்ல. எபோனைட் தண்டைக் கடைஞ்சு, துளை போட்டு, மரை வெட்டினா குழாயும் மூடியும் வந்துடும். பொறுமையான கைக்கு அது முடியும். அடுத்தது நிப்புக்கு அடியில் ஒட்டிக்கிட்டிருக்கிற நாக்கு. அதில் மயிரிழை மாதிரி ஒரு கால்வாய் வெட்டணும். மை அந்த வழியா நுண்துளை ஈர்ப்பில் கீழே இறங்கும். இறங்கிய மைக்குப் பதிலா அதே அளவு காற்று மேலே போகணும். கால்வாய் கொஞ்சம் அகலமானா காகிதத்தில் குளம் கட்டிடும், குறுகினா பேனா பாதி வரியில் நின்னுடும். நாம திரவ இயந்திரவியலில் மார்க்குக்காகப் படிச்ச விஷயம்தான், அவங்க அரத்தை வச்சுக் கண் அளவில் பிடிச்சாங்க.

இதை விடக் கஷ்டம் நிப்பு. அன்றைய மை இரும்பை அரிக்கும், அதனால நல்ல நிப்புன்னா 14 காரட் தங்கம். தங்கம் மெத்து, சீக்கிரம் தேயும். அதனால நுனியில் மட்டும் இரிடியம் மாதிரி ஒரு கடினமான உலோகப் பொட்டைப் பத்த வைக்கணும். அப்புறம் அந்தப் பொட்டையும் தங்கத்தையும் சேர்த்து நடுவில் பிளக்கணும். ரெண்டு பிளவும் சமமா உட்காரலைன்னா காகிதத்தைக் கீறும். தங்கத்தைத் தகடா அடிக்கிறது, பத்த வைக்கிறது, மெருகு போடுறது இதெல்லாம் தட்டான் பட்டறையில் தினமும் நடக்கிற வேலை. ரத்னத்தின் குலத்தொழில் இங்கே கைகொடுத்துச்சு. தங்க நிப்பைத் தன் பட்டறையிலேயே செய்ய ஆரம்பிச்சார். ரத்னம் பேனா நிறுவனம் 1932-ல் பிறந்தது.

இப்போ கதைக்குள்ள ஒரு தமிழர் வர்றார். ஜே.சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை கத்துக்கிட்டு, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பத்திப் படிச்சவர். கோட்டு சூட்டைக் கழற்றிட்டுக் கதருக்கு மாறியவர். 1934 கடைசியில் வார்தாவை மையமா வச்சு அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கினப்போ அதன் செயலாளர் அவர்தான். ஒரு பொருளைப் பார்த்தா அது எங்கே விளைஞ்சது, யார் கை பட்டது, காசு யார்கிட்ட போய்ச் சேருதுன்னு கேக்கிற ஆள். ரத்னத்தின் பேனா நேரா காந்திக்குப் போகல, இந்தக் குமரப்பா வழியாத்தான் போச்சு.

1935 ஜூலை 16-ம் தேதி காந்தி ரத்னத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பேனாவுக்கு நன்றி சொல்லி, தான் அதைப் பயன்படுத்திப் பார்த்ததாவும், கடைத்தெருவில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்றாத் தெரியுதுன்னும் எழுதியிருந்தார். அவ்வளவுதான். ஆகா ஓகோன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஆனா முதலில் எழுதிப் பார்த்துட்டு அப்புறம் சொன்னது பாருங்க, அதுதான் அந்தக் கடிதத்தின் மதிப்பு. பொருள் ஓடுதா, வெளிநாட்டுப் பொருளோட இடத்தில் உட்காருமா, இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் அதில் இருக்கு.

அதுக்கப்புறம் ராஜமுந்திரி பேனா ஊராவே ஆயிடுச்சு. ரத்னம்சன், கைடர்னு மத்த பட்டறைகளும் பேர் வாங்கின. பின்னாடி பால்பாயிண்ட் வந்தது. மை நிரப்பவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம், தீர்ந்தா தூக்கிப் போடலாம். நாடு முழுக்கப் பல பேனாப் பட்டறைகளை அது மூட வச்சது. ரத்னம் குடும்பம் விடல. அவர் போய் வெகுகாலம் ஆகியும் அடுத்த தலைமுறையினர் அதே ஊரில் எபோனைட்டைக் கடைஞ்சுக்கிட்டிருக்காங்க. நம்ம தமிழ்நாட்டிலும் இந்த வேலை சாகல. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரங்க இப்பவும் கையால் கடைஞ்சு வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புறாங்க.

சரி, இதை எதுக்கு நம்ம இதழில் எழுதணும்? இறுதி ஆண்டு ப்ராஜெக்ட் சீசன் இது. போர்டு ஒரு கடையில், சென்சார் ஆன்லைனில், கோடு நெட்டில். எல்லாத்தையும் ஒட்டி, மேலே ஒரு பெட்டி செஞ்சு, நாங்களே செஞ்சதுன்னு மேடையில் நிக்கிறோம். வாங்கிச் சேர்க்கிறதும் ஒரு திறமைதான், அதில் தப்பில்ல. ரத்னத்துக்கும் அந்த வழி திறந்துதான் இருந்துச்சு. வெளிநாட்டு நிப்பை வாங்கி உள்ளூர்க் குழாயில் செருகியிருந்தா பல வருஷ உழைப்பு மிச்சம். பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமும் தெரிஞ்சிருக்காது. ஆனா பேனாவில் எழுதுறது குழாய் இல்லையே, நிப்பு. அதையும் அவர் தன் பட்டறையிலேயே செஞ்சார்.

உங்க ப்ராஜெக்ட்டில் நிப்பு எதுன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. முழுசையும் நீங்களே செய்ய வேண்டாம், அந்த ஒண்ணை மட்டும் வாங்காம செஞ்சு பாருங்க. முதல் தடவை மை ஒழுகத்தான் செய்யும். கையைத் துடைச்சுட்டு மறுபடி கடைய உட்காருங்க.