பாஸ் போட்ட பந்து ஏன் விழுது? கலிலியோவைக் கேளுங்க!

பொங்கோலில் புளோக் பக்கத்துத் திடலில் கூடைப்பந்து ஆடுறீங்களா? வேகமா பாஸ் போட்டால் பந்து மெதுவாக விழுவதில்லை. விழ நேரம்தான் கிடைப்பதில்லை. கிடைமட்டமாக எறிந்த பந்தும் அதே உயரத்திலிருந்து சும்மா கைவிட்ட பந்தும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தரையைத் தொடும்.

இதை விளக்கியவர், 1564இல் பைசா நகரில் பிறந்த கலிலியோ. கோபுரத்திலிருந்து குண்டு போட்ட கதை நடந்ததா என்பதே சந்தேகம். சாய்வுப் பலகையில் வெண்கலப் பந்துகளை உருட்டி, ஒழுகிய நீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார் என்பதுதான் உண்மை. நேரம் இரட்டிப்பானால், விழும் தூரம் நான்கு மடங்கு!

பூமி சூரியனைச் சுற்றுது என்று வாதிட்டதற்காக 1633இல் வீட்டுக்காவல். பிறகு பார்வையும் போச்சு. இத்தாலியில் வெளியிட முடியாத அவரது பந்துக் கணக்குகள், 1638இல் நெதர்லந்தின் லைடன் நகரில் அச்சாயின. 1642இல் காவலிலேயே காலமானார். பந்து ஏன் விழுது என்பதற்கு ஈர்ப்புவிசையைக் காட்டி நியூட்டன் நூல் எழுதியது 1687இல்.