காற்றைச் சேர்த்து வைத்த வாத்தியார்

(இரண்டாமாண்டு, மின்னியல் துறை)



எடிசனைத் தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. ஃபாரடே, வோல்டா பெயரெல்லாம் பாடப் புத்தகத்திலேயே வந்துவிடும். நான் எழுதப் போவது நம்ம பாடத்தில் வராத, ஆனால் டென்மார்க் நாட்டில் புகழ்பெற்ற ஒருவரைப் பற்றி. அவர் பெயர் போல் லா கூர். காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது பாதி வேலைதான், எடுத்ததைச் சேர்த்து வைப்பதுதான் மீதிப் பாதி என்பதை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே செய்து காட்டியவர்.

1846 ஏப்ரல் 13-ல் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். கோபன்ஹேகனில் இயற்பியலும் வானிலை இயலும் படித்தார். 1872-ல் தொடங்கிய டென்மார்க் வானிலை நிலையத்தில் துணைத் தலைவர் பதவி கிடைத்தது. தந்தித் துறையிலும் பெயர் வாங்கினார். ட்யூனிங் ஃபோர்க்கின் அதிர்வுக்குத் தக்கபடி சீராகச் சுற்றும் சக்கரம் அவர் கண்டுபிடித்தது.

இப்படிப்பட்ட ஆள் 1878-ல் தலைநகரத்தை விட்டுவிட்டு அஸ்கோவ் என்ற கிராமத்துப் பள்ளிக்கு வாத்தியாராகப் போனார். அது விவசாயிகளின் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிற மக்கள் உயர்பள்ளி. பரீட்சை கிடையாது. எங்கள் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். அதனாலோ என்னவோ, லா கூர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான்.

அப்போது மின்சாரம் நகரத்துக்கு மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. கிராமத்துக்கும் வரணும் என்பது அவர் ஆசை. டென்மார்க்கில் நிலக்கரி இல்லை, காற்றுக்குப் பஞ்சமில்லை. அரசாங்கம் கொடுத்த பணத்தில் 1891-ல் அஸ்கோவில் சோதனைக் காற்றாலை கட்டினார்.

இனிமேல்தான் சிக்கல். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு ஆகும். வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்குதான். இப்படி ஏறி இறங்குவதை வைத்து டைனமோவை எப்படி ஓட்டுவது? அதற்காக கிராட்டோஸ்டாட் என்ற சீராக்கும் கருவியைச் செய்தார். சரி, காற்றே இல்லாத ராத்திரிக்கு என்ன வழி? லெட் ஆசிட் பேட்டரி அன்றைக்கு இருந்தது. ஆனால் விலை ஜாஸ்தி. ஆகவே அவர் வேறு வழி பிடித்தார். டைனமோவின் டி.சி. கரண்டைத் தண்ணீரில் செலுத்தி, ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரித்தார். ஹைட்ரஜனை 12 கன மீட்டர் தொட்டியில் சேர்த்து, ராத்திரி விளக்கில் எரித்தார். 1895 முதல் 1902 வரை பள்ளிக்கூடத்துக்கு வெளிச்சம் கொடுத்தது இந்த வாயுதான். ஆபத்தும் இருந்தது. ஹைட்ரஜனில் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்தாலும் வெடித்துவிடும். அப்படி வெடித்து, ஜன்னல் கண்ணாடிகளைப் பலமுறை மாற்ற வேண்டி வந்ததாம்.

தான் செய்த வழிதான் உசத்தி என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1902-ல் அஸ்கோவ் ஊருக்கே மின்நிலையம் வந்தபோது காற்றாலையோடு பேட்டரியைச் சேர்த்தார். காற்று நின்றுபோகும் நாளுக்கு ஒரு எண்ணெய் இன்ஜினும் வைத்தார். இதிலுள்ள கணக்கைக் கவனியுங்கள். ஒரு ராத்திரிக்கான பேட்டரி தினமும் வேலை செய்து போட்ட பணத்தைத் திருப்பித் தரும். பத்து நாளைக்கான பேட்டரி வாங்கினால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் சும்மா கிடக்கும், வட்டி மட்டும் ஓடும். இன்றைக்கும் சேமிப்பின் பொருளாதாரம் இதுதான்.

1903-ல் காற்று மின்சாரத்துக்காக ஒரு சங்கம் தொடங்கினார். கிராமத்துப் பையன்களுக்கு மின் வேலைப் பயிற்சி கொடுத்தார். 1908 ஏப்ரல் 24-ல் காலமானார். அவர் போனபிறகும் வேலை நிற்கவில்லை. 1918 வாக்கில் டென்மார்க்கில் சுமார் 120 ஊர் மின்நிலையங்கள் காற்றாலை வைத்திருந்தன. அவரிடம் படித்த யோஹான்னஸ் யூல் 1957-ல் கெட்சர் என்ற இடத்தில் 200 கிலோவாட் காற்றாலை நிறுவினார். இன்று உலகமெங்கும் சுற்றும் மூன்று இறக்கைக் காற்றாலைக்கு அது ஒரு முன்னோடி.

சேமிப்புப் பிரச்சினை இன்னும் தீரவில்லை நண்பர்களே! முப்பந்தல் பக்கம் ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று வருஷம் பூராவும் அடிப்பதில்லை. கோவை மாவட்டம் கடம்பாறையில் மிச்ச மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். லித்தியம் பேட்டரியின் விலை 2010-ல் ஒரு கிலோவாட் மணிக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்தது, 2024-ல் சுமார் 115 டாலர்தான். ஹைட்ரஜனாக்கிச் சேர்த்து மறுபடி மின்சாரமாக்கினால் பாதிக்கு மேல் வழியிலேயே வீணாகிறது. அதனால் ஒரு ராத்திரிக்குப் பேட்டரி, மாதக்கணக்கில் வைக்க ஹைட்ரஜன் என்று இரண்டையும் இப்போது சேர்த்தே யோசிக்கிறார்கள்.

பட்டம் பதவியெல்லாம் இருந்தும் அந்த வாத்தியார் தேடிப்போனது கிராமத்துப் பிள்ளைகளைத்தான். நாளைக்கு டிப்ளமோவோடு வெளியே போகிற நாமும் அந்த மாதிரிப் பிள்ளைகள்தான். பேட்டரி அறையிலோ காற்றாலை அடியிலோ நின்று வேலை செய்யப் போவது நாம்தான். மார்க்குக்காக மட்டும் படிக்காமல், கொஞ்சம் கணக்குப் போட்டும் பார்ப்போமே!