ஜானகி அம்மாள்

எடவலத்து கக்கட் ஜானகி அம்மாள் (நவம்பர் 4, 1897 - பெப்ரவரி 7, 1984) இந்தியத் தாவரவியலாளரும் உயிரணு மரபியலாளரும் ஆவார். தாவரங்களின் நிறப்புரிகளை (குரோமோசோம்) எண்ணி, அவற்றின் வழியே பயிர்களின் தோற்றத்தையும் உறவுகளையும் ஆராய்ந்தார். கரும்பு, கத்தரி, மக்னோலியா, முசுக்கொட்டை (மல்பெரி) முதலிய தாவரங்கள் பற்றிய ஆய்வுகளுக்காக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கைச் சுருக்கம்

ஜானகி அம்மாள் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் பிறந்தார். தந்தை ஈ. கே. கிருஷ்ணன் சார்பு நீதிபதியாகப் பணியாற்றியவர். தாவரங்களிலும் பறவைகளிலும் ஈடுபாடு கொண்டவர். இவர்களது குடும்பம் தீயர் சமூகத்தைச் சேர்ந்தது. பள்ளிப் படிப்பைத் தலச்சேரியில் முடித்த ஜானகி, சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்று, 1921 இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். உடன்பிறந்தவர்களைப் போலத் திருமணம் செய்துகொள்ளாமல் மேற்படிப்பைத் தெரிவு செய்தார். கீழைநாட்டுப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கு முதுகலைப் பட்டமும், 1931 இல் அறிவியல் முனைவர் பட்டமும் பெற்றார். நாடு திரும்பிய பின் 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகப் பணியாற்றினார்.

கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வு

1934 இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். தடித்த, இனிப்பு மிகுந்த கரும்பு இனம் அக்காலத்தில் சாவா போன்ற வெளிநாடுகளிலிருந்து பெறப்பட்டு வந்தது. வட இந்தியாவின் குளிரிலும் வறட்சியிலும் அது செழிக்கவில்லை. எனவே காட்டு நாணல் இனத்தோடு அதனைக் கலந்து புதிய வகைகளை உருவாக்கும் பணி, பார்பராலும் தி. சா. வெங்கட்ராமனாலும் அந்நிலையத்தில் முன்னரே தொடங்கப்பட்டிருந்தது. கலப்பினங்களின் உயிரணுக்களில் எந்தப் பெற்றோரின் நிறப்புரிகள் எத்தனை உள்ளன என்பதை ஜானகி அம்மாள் நுண்ணோக்கியின் வழி கண்டறிந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பெற்ற செடி பற்றியும், கரும்பு-மூங்கில் கலப்பினத்தின் நிறப்புரி எண்ணிக்கை பற்றியும் இவர் எழுதிய குறிப்புகள் 1938 இல் வெளிவந்தன.

1935 இல் ச. வெ. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த ஆய்வுலகில், தனித்து வாழும் பெண் என்பதாலும், பிற்படுத்தப்பட்டதாகக் கருதப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதாலும் இவர் பல இடர்களைச் சந்தித்தார்.

இங்கிலாந்துப் பணி

1939 இல் எடின்பரோவில் நடந்த பன்னாட்டு மரபியல் மாநாட்டுக்குச் சென்றபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கிய இவர், இலண்டனில் இருந்த ஜான் இன்னசு தோட்டக்கலை நிறுவனத்தில் 1940 முதல் 1945 வரை பணியாற்றினார். சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து எழுதிய பயிர்த்தாவரங்களின் நிறப்புரி அட்டவணை நூல் 1945 இல் வெளியானது. அதே ஆண்டு விசுலியில் அரச தோட்டக்கலைக் கழகத்தில் உயிரணுவியலாளராகச் சேர்ந்தார். அங்கு கொல்சிசீன் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு நாற்றுகளின் நிறப்புரித் தொகுதியை இரட்டிப்பாக்கும் சோதனைகளைச் செய்தார். அவ்வாறு உருவான மக்னோலியா வகையொன்று இவரது பெயரைத் தாங்கியுள்ளது.

முசுக்கொட்டையும் காஞ்சிபுரமும்

1948 இல் கருமுசுக்கொட்டையின் தோற்றம் பற்றி ஜானகி அம்மாள் ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். முசுக்கொட்டைப் பேரினத்தில் வெண்முசுக்கொட்டைக்கு 28 நிறப்புரிகள் உள்ளன, கருமுசுக்கொட்டைக்கோ 308. அதாவது 14 என்னும் தொகுதி 22 மடங்காகப் பெருகியுள்ளது. பூக்கும் தாவரங்களில் காணப்படும் மிக உயர்ந்த பன்மடிய நிலைகளுள் இதுவும் ஒன்றாகும்.

பட்டுப்புழுவின் உணவு முசுக்கொட்டை இலையே. காஞ்சிபுரம் தறிகளில் பாவாகவும் ஊடையாகவும் ஓடும் பட்டிழை பெரும்பாலும் கருநாடகத்தில் விளையும் கூடுகளிலிருந்து வருகிறது. எனவே இலையின் விளைச்சலும் தரமும் நெசவாளர் வாங்கும் நூல் வரை தொடர்புடையவை. இருமடியச் செடியையும் நான்மடியச் செடியையும் கலந்தால் மும்மடியச் செடி கிடைக்கிறது. இம்முறையில் பெரிய, தடித்த இலைகளைத் தரும் வகைகள் பட்டு வளர்ப்புக்கென உருவாக்கப்பட்டன. கிழக்கிந்தியாவில் பயிரிடப்படும் எசு-1635 இத்தகைய மும்மடிய வகையாகும். இவ்வகைகளை உருவாக்கியவர் ஜானகி அம்மாள் அல்லர்; எனினும் இத்தகைய இனப்பெருக்கத்துக்கு நிறப்புரி எண்ணிக்கை பற்றிய அறிவே அடிப்படையாகும்.

இந்தியா திரும்புதல்

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951 இல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். அலகாபாத்தில் அமைந்த மத்திய தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராகவும் இருந்தார். 1955 இல் பிரின்சுடனில் புவியின் மீது மாந்தர் ஏற்படுத்திய மாற்றங்கள் பற்றி நடந்த கருத்தரங்கில் பங்கேற்ற ஒரே பெண் இவரே. பின்னர் சம்முவில் உள்ள மண்டல ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். வடகிழக்கு இமயமலையின் குளிர்ந்த ஈரச் சூழலில் பன்மடியத் தாவரங்கள் மிகுதியாகத் தோன்றியதை, உலர்ந்த வடமேற்குப் பகுதியோடு ஒப்பிட்டு விளக்கினார்.

மதுரவாயலும் இறுதிக்காலமும்

1970 இல் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் தகைசால் அறிவியலாளராகப் பொறுப்பேற்றார். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வழியே பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள மதுரவாயலில் மையத்தின் கள ஆய்வகம் இருந்தது. அங்கேயே தங்கி மூலிகைகளை வளர்த்து எளிய வாழ்க்கை நடத்தினார்.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டத்தை எதிர்த்தவர்களில் இவரும் ஒருவர். காடு மூழ்கினால் அங்குள்ள தாவரங்கள் அறியப்படாமலே அழியும் என்பதால், எண்பது வயதில் அவற்றின் நிறப்புரிகளை ஆராய முற்பட்டார். 1984 பெப்ரவரி 7 ஆம் நாள் மதுரவாயலில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பைக் காண அவர் உயிரோடு இல்லை.

இன்றைய ஆய்வுகளில்

ஜானகி அம்மாள் எண்ணிய நிறப்புரிகளின் முழு மரபணுத் தொகுதிகளும் இப்போது வாசிக்கப்படுகின்றன. 2013 இல் சீனாவின் காட்டு முசுக்கொட்டை ஒன்றின் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டது. அதில் 14 நிறப்புரிகளே இருந்ததால், பேரினத்தின் அடிப்படை எண் 14 அன்று, 7 என்னும் கருத்து முன்வைக்கப்பட்டது. 2018 இல் நாணல் இனத்தின் மரபணுத்தொகுதியும், 2024 இல் ஆர்-570 என்னும் கலப்பினக் கரும்பின் மரபணுத்தொகுதியும் வெளிவந்தன.

சிறப்புகள்

1977 இல் இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. வகைப்பாட்டியலுக்கான தேசிய விருது 1999 இல் இவர் பெயரில் ஏற்படுத்தப்பட்டது. 2018 இல் கொடைக்கானலில் உருவாக்கப்பட்ட ரோசா வகை ஒன்றுக்கும், 2019 இல் விவரிக்கப்பட்ட மேற்குத்தொடர்ச்சி மலைப் பல்லி இனம் ஒன்றுக்கும் இவரது பெயர் சூட்டப்பட்டது.