பனியை வீசியெறிந்த பால் பண்ணைக்காரர்

பனின்னதும் மார்கழி காலையில் பஸ் கண்ணாடியில் படியுமே, அதை நினைச்சிடாதீங்க. இது வானத்திலிருந்து பஞ்சு மாதிரி கொட்டுகிற வெண்பனி. கனடாவில் உள்ள மாண்ட்ரியல் நகரத்தில் ஒரு குளிர்காலத்துக்குச் சுமார் 2 மீட்டர் கொட்டுமாம். நம்ம வகுப்பறைக் கதவு உயரம்!

அந்த நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் 1876 டிசம்பர் 17-ல் பிறந்தவர் ஆர்தர் சிக்கார். குடும்பத்துக்குப் பால் பண்ணை. பனி மூடினால் பாதை அடைபடும், கறந்த பால் நகரத்துக்குப் போகாது. பால் ஊத்துற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

அப்போதெல்லாம் குதிரை பூட்டிய பெரிய உருளையால் பனியை அழுத்திவிட்டு, அதன்மேல் சறுக்கு வண்டி ஓட்டுவார்கள். மோட்டார் கார் வந்ததும் அது எடுபடவில்லை. பனியை அகற்றியே ஆகணும்.

வண்டி முன்னால் இரும்புத் தகடு மாட்டித் தள்ளுவது ஒரு வழி. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் புல்டோசர் மண்ணைத் தள்ளுதே, அதே மாதிரிதான். ஆனால் தகட்டை நேராக வைத்தால் பனி முன்னாலேயே குவிந்து வண்டியை நிறுத்திவிடும். சாய்த்து வைத்தால்தான் ஓரமாகச் சுருண்டு விழும். சக்கரம் ஏறி இறுகிப் போவதற்கு முன்னாடியே தள்ளணும். முதல் பனியையே ரொம்பத் தூரம் ஒதுக்கி வைக்கணும், இல்லேன்னா அடுத்தடுத்த பனிக்கு இடமிருக்காது. ஜல்லி ரோடாக இருந்தால் தகட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கணும், இல்லேன்னா ஜல்லியும் சேர்ந்து வந்துரும்.

இதெல்லாம் சரி, நகரத் தெருவில் ஓரத்தில் வீடு இருக்கே, எங்கே ஒதுக்குவது?

சிக்காருக்கு வழி காட்டியது கதிரடிக்கும் மெஷின். உள்ளே சுழலும் உருளை கதிரை இழுக்குது, வைக்கோலைத் தூரமாக வீசுது. பனியையும் இப்படி இழுத்து வீசினால் என்ன என்று வாலிப வயதிலேயே யோசித்தார். செய்து பார்த்தார், ஓடவில்லை. அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்கள். பிறகு பண்ணையை விட்டுக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனார். அந்த யோசனையை மட்டும் விடவில்லை.

1925-ல், நாற்பத்தெட்டு வயதில், மெஷின் தயாரானது. நான்கு சக்கரமும் இழுக்கிற லாரி. அதை ஓட்ட ஒரு என்ஜின், பனியை வாரி வீச இன்னொரு என்ஜின். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். ஒரே என்ஜின் என்றால், கனமான பனியில் வண்டி மெதுவாகும்போது வீசுகிற வேகமும் குறையும். ரெண்டு இருந்தால், வண்டி ஊர்ந்தாலும் விசிறி முழு வேகத்தில் சுத்தும். பனி 90 அடி வரை போய் விழுந்தது. வீடு இருக்கிற தெருவில் குழாயைத் திருப்பினால் பக்கத்தில் வரும் லாரியிலேயே கொட்டும்.

1927-ல் முதல் மெஷினை மாண்ட்ரியலை ஒட்டிய ஊட்ரமான் நகராட்சி வாங்கியது. சிக்கார் பெயரிலேயே கம்பெனி வளர்ந்தது. 1946-ல் காலமானார்.

இன்றைக்கு நம்ம ஈழத்துச் சொந்தங்கள் பலர் அந்த மாண்ட்ரியலில்தான் இருக்காங்க. இங்கே நம்ம நாட்டிலும், காஷ்மீரிலிருந்து லடாக் போகிற சோஜி லா கணவாயை எல்லைச் சாலைகள் அமைப்பு இதே வகை மெஷின்களும் புல்டோசர்களும் வைத்துத்தான் திறக்குது. திறந்ததும் ரெண்டு பக்கமும் பனிச் சுவர் நிற்க, நடுவில் லாரிகள் வரிசையாக ஊர்ந்து போகும்.